மொழி கற்ற நம் முன்னோர்

"இவர்களுக்குத் தமிழே ஒழுங்காக வருவதில்லை, ஆங்கிலம் எங்கே வரப்போகிறது?" என்னும் பேச்சை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றோம். ஊரார் கூறினர், பள்ளிகளிலும் சிலர் கூறினர், பன்முறை கேட்டுப் பழகியதன் பயனாக, இன்று நம் பெற்றோரிற் சிலரே தம் மக்களைப் பார்த்து அதனைக் கூறத் தலைப்பட்டுள்ளனர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வரைக எனப் பணிக்கப்பட்டபோது, இப்பேச்சில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே தக்கது எனக் கருதினேன். மொழிகள் எவ்வாறு வளர்கின்றன, ஒரு மொழி பேசுவோர் பிறிதொரு மொழியை எவ்வாறு கற்கின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் சமுதாய வரலாற்றிலேயே அவ்விடைகள் நிரம்பக் கிடக்கின்றன.

மொழி மாறிக்கொண்டே இருப்பது. இதனை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளில் வழங்கும் சொல்லும், பிறமொழியிலிருந்து வந்த சொல்லும் தமிழில் இடம்பெறும் என அவர் அன்றே வகுத்துவிட்டார். பிற்காலத்தில் கடல்வழி வந்த போர்த்துக்கீசியர் சன்னல், சாவி, அலமாரி, மேசை, பாதிரி என்னும் சொற்களைத் தந்தனர். ஒல்லாந்தரிடமிருந்து துட்டு வந்தது. முகலாயர், நவாபு ஆட்சிகளின் வாயிலாகத் தாசில்தார், வசூல், பாக்கி, ஜமாபந்தி முதலிய அரபு, பாரசீகச் சொற்கள் வந்தன. பட்டா வேண்டி ஜமாபந்திக்கு மனுவுடன் சென்று நிற்கும் நம் பாட்டி, தாம் பன்மொழிச் சொற்களைக் கையாள்வதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். தமிழ்ச் சொற்களும் வெளியே சென்றன. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில அகராதியில் ஏறியுள்ளன. நம்மைக் குறித்த ஒரு சொல்லும் அங்கே ஏறியுள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் நம் பேச்சைப் பற்றிய பழியை எடுத்துக்கொள்வோம். 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்றும், 'வீடு' என்பதை 'வூடு' என்றும் கூறுவது சேரிப் பேச்சு, கெட்ட பேச்சு என்பர். வகுப்பறையில் ஒரு சிறுவன் வாய் திறந்து இவ்வாறு கூறியவுடன் ஏனையோர் சிரிப்பர். அடுத்த நாள் முதல் அவன் வாய் திறப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு அண்மையான ஆசிரியப் பணியில் நான் மிகுதியாகக் கண்ட காட்சி இதுவே. அவனுக்கு விடை தெரியாது என எல்லாரும் முடிவு செய்துவிடுகின்றனர்.

ழகரத்தைப் பார்ப்போம். இவ்வொலியை இழந்தோர் சென்னையைச் சூழ்ந்த வட மாவட்டத்தார் மட்டும் அல்லர். இங்கே 'கோயி' என்பர். தென் மாவட்டங்களில் 'கோளி' என்பர். இரண்டிலும் ழகரம் இல்லை. கன்னடத்தில் கோழிக்குப் பெயர் 'கோளி'. தெலுங்கில் 'கோடி'. ஏழு என்னும் எண் கன்னடத்தில் 'ஏளு', தெலுங்கில் 'ஏடு'. பழைய கன்னடத்திலும் பழைய தெலுங்குக் கல்வெட்டுகளிலும் இவ்வொலிக்குத் தனி எழுத்தே இருந்தது. காலப்போக்கில் ஒலியும் மறைந்தது, எழுத்தும் மறைந்தது. மலையாளம் மட்டும் நம் ஏட்டுத் தமிழைப் போல் அதனைக் காத்து வருகிறது. கன்னடப் பேராசிரியர் ஒருவர் 'கோளி' என்றால், அவரை எவரும் மொழி அறியாதவர் என நகைப்பதில்லை. கன்னடத்தில் நிகழ்ந்தால் அது மொழி வளர்ச்சி, நம் பிள்ளையின் வாயில் நிகழ்ந்தால் அது மொழிக் கேடு என்பது எந்த இலக்கணம்?

'வூடு' என்பதும் இத்தகையதே. உதடுகளைக் கொண்டு ஒலிக்கும் ப, ம, வ என்னும் மெய்களை அடுத்து இகர, எகர உயிர்கள் வந்து, அவற்றின்பின் நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் ட, ண, ள, ழ ஆகியவை வருமாயின், இகரம் உகரமாகவும் எகரம் ஒகரமாகவும் பேச்சில் மாறுகின்றன. வீடு வூடு ஆயிற்று. பிடி புடி ஆயிற்று. பிள்ளை புள்ளை ஆயிற்று. பெட்டி பொட்டி ஆயிற்று. விழுந்தான் வுழுந்தான் ஆயிற்று. ஆனால் மீன் 'மூன்' ஆவதில்லை; வில் 'வுல்' ஆவதில்லை; வெயில் 'வொயில்' ஆவதில்லை. ஏனெனில் அங்கே நா வளையும் ஒலி பின்தொடரவில்லை. எழுத்தறியாப் பாட்டியும் இவ்விதியைப் பிழையின்றிக் கையாள்கிறார். விதி இன்றி மனம் போனவாறு சிதைந்த பேச்சாக இருந்தால் இத்தகைய ஒழுங்கு அதில் இராது.

இன்னும் ஒன்று. 'பெண்' என்பது 'பொண்ணு' ஆனதும் இதே விதியால்தான். 'பொண்ணு' என்பதைத் தமிழ்நாட்டில் எல்லாச் சாதியாரும் எல்லா ஊர்களிலும் கூறுகின்றனர். திருமணப் பேச்சில் 'பொண்ணு பார்க்க வந்தார்கள்' என்றால் எவரும் சிரிப்பதில்லை. 'வூட்டுக்கு வந்தார்கள்' என்றால் மட்டும் சிரிப்பு எழுகிறது. விதி ஒன்றாக இருக்க, ஒன்று மதிப்பும் மற்றொன்று இழிவும் பெறுவதற்குக் காரணம் ஒலியில் இல்லை. யார் வாயிலிருந்து அது வருகிறது என்பதில் இருக்கிறது.

இதனால் ஏட்டுத் தமிழை நாம் கற்க வேண்டுவதில்லை என்று கொள்ளலாகாது. தமிழ், பேச்சு வழக்கு வேறாகவும் எழுத்து வழக்கு வேறாகவும் உள்ள மொழி. எந்தக் குடியிற் பிறந்த குழந்தையும் ஏட்டுத் தமிழைத் தாய்ப்பாலுடன் பருகுவதில்லை. அதனைக் கற்றே ஆக வேண்டும். சில வீடுகளில் நூல்களும் நாளிதழ்களும் இருக்கின்றன. பள்ளிக்கு வருமுன்பே அப்பிள்ளை அவ்வழக்கை ஓரளவு கேட்டிருக்கும். நம் வீடுகளில் அவ்வாய்ப்பு அரிது. வேறுபாடு அவ்வளவே. 'வூட்டில் வூடு, ஏட்டில் வீடு' என்று என் மாணவரிடம் கூறுவதுண்டு. அவர்கள் சிரித்துவிட்டு எழுதுவர்; பெரும்பாலும் பிழையின்றியே எழுதுவர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1812-ஆம் ஆண்டு சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கும்பினி ஆட்சியில் பணிபுரிய இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பிப்பதற்கென ஏற்பட்டது அது. அதற்கு உயிராக விளங்கியவர் எல்லிஸ் துரை எனப்படும் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். 1816-இல் வெளிவந்த கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்னுரைக் குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய தென்னாட்டு மொழிகள் சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய ஒரு தனிக் குடும்பம் என்பதைச் சொற்களை ஒப்பிட்டுக் காட்டினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல்; எல்லிஸ் அதற்கு நாற்பது ஆண்டு முற்பட்டவர். 1819-இல் இராமநாதபுரத்தில் அவர் மறைந்தார்.

அந்த எல்லிசின் தமிழ்ப் பணியோடு நம் முன்னோர் ஒருவர் தொடர்புபட்டிருக்கிறார். ஹாரிங்டன் என்னும் துரையிடம் பட்லராகப் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளை அத்துரையின் வாயிலாக எல்லிசிடம் சேர்ப்பித்தார் எனப் பண்டிதர் அயோத்திதாசர் எழுதியுள்ளார். துரை வீட்டில் சமையலும் பரிமாறலும் பார்த்த ஒருவர் வீட்டில் குறள் ஏடு இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நம்மவர்க்கு ஏடு இல்லை, எழுத்து இல்லை என்போர் இச்செய்தியை என் செய்வர்?

துரைமார் வீடுகளைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். சென்னையிலும் பூவிருந்தவல்லி, பரங்கிமலை போன்ற படைக் குடியிருப்புகளிலும் பட்லர், ஆயா, குதிரைக்காரர், சமையற்காரர் ஆகிய பணிகளில் நம் மக்கள் பலர் இருந்தனர். ஏனையோர் தீட்டு எனக் கருதி விலகிய மாட்டிறைச்சிச் சமையலை இவர்கள் செய்தமையும் அதற்கு ஒரு காரணம். இவ்வாறு ஆங்கிலேயரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இவர்கள், பள்ளி இன்றி, நூல் இன்றி, ஆசிரியர் இன்றி, செவி ஒன்றையே கொண்டு ஆங்கிலம் கற்றனர். இவர்கள் பேசிய மொழிக்குப் 'பட்லர் ஆங்கிலம்' எனப் பெயரிட்டு நகைத்தனர். 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில இந்திய அகராதியில் இதற்குத் தனிக் குறிப்பே உண்டு. 'ஐ டெல்லிங்' என்றால் 'நான் சொல்வேன்'. 'ஐ டன் டெல்' என்றால் 'நான் சொல்லிவிட்டேன்'. எதிர்காலத்துக்கு ஒரு வடிவம், முடிந்த செயலுக்கு ஒரு வடிவம் என வரையறை இதிலும் உண்டு. 'டன்' என்னும் சொல் இங்கே நம் 'விட்டேன்' செய்யும் பணியையே செய்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க மக்கள் உருவாக்கிக்கொண்ட ஆங்கிலத்திலும் 'டன்' இவ்வாறே முடிந்த செயலைக் காட்டுகிறது. கலப்பு மொழிகளை ஆராய்ந்த ஜெர்மானிய மொழியியல் அறிஞர் ஹூகோ ஷூகார்ட் 1891-இல் இந்திய ஆங்கிலத்தைப் பற்றி எழுதியபோது, இதனை நகைப்புக்குரியதாகக் கொள்ளாமல் ஆய்வுக்குரியதாகவே கொண்டார்.

ஒரே வீட்டில் இருவர் மொழி கற்றனர் என்பதை நோக்குக. துரை தமிழ் கற்றார். பட்லர் ஆங்கிலம் கற்றார். துரைக்குக் கல்லூரி இருந்தது, முன்ஷி இருந்தார், இலக்கண நூல் இருந்தது, தேர்வில் வென்றால் பதவி உயர்வும் இருந்தது. பட்லருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தவறாகப் புரிந்துகொண்டால் வசையும் வேலை இழப்பும் இருந்தன. இத்தனை வசதியோடு கற்ற துரைமார் பலரின் தமிழும் கொச்சையாகவே இருந்தது. 'துரைத் தமிழ்' என நாடகங்களில் அதனை இன்றும் நடித்துக் காட்டுவர். ஆயினும் துரைக்கு மொழி வராது என்று எவரும் தீர்ப்புக் கூறவில்லை!

பட்லர் குடும்பத்தின் அடுத்த தலைமுறைகளில் என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கந்தப்பனின் பேரரே சான்று. காத்தவராயன் என்னும் இயற்பெயருடன் 1845-இல் பிறந்தவர், தம் ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராயரிடம் கொண்ட அன்பினால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். தமிழ், சமற்கிருதம், பாலி, ஆங்கிலம் ஆகியவற்றில் பயிற்சி பெற்றார். சித்த மருத்துவராகத் தொழில் புரிந்தார். 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் தாம் மறையும் வரை அதனை நடத்தினார். தமிழ் வராது எனப்படும் மக்களிடையே தோன்றியவர் தம் இதழுக்குத் தேர்ந்த பெயர் 'தமிழன்' என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவருடைய எழுத்துகள் பல்லாண்டு மறைந்து கிடந்து, 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வாயிலாகவே மீண்டும் பலர் கைக்கு வந்தன.

பண்டிதர் சொல்லாராய்ச்சியை ஓர் ஆயுதமாகவே கையாண்டார். முன்னர்க் கூறிய சொல்லுக்கு இப்போது வருவோம். 'பறையர்' என்னும் சாதிப் பெயர் ஐரோப்பியர் வாயிற் புகுந்து, ஆங்கிலத்தில் 'பரையா' ஆகி, விலக்கி வைக்கப்பட்டவன் என்னும் பொருளைப் பெற்றது. இன்றும் உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட ஒரு நாட்டைக் குறிக்க ஆங்கில நாளிதழ்கள் இச்சொல்லைத் தயக்கமின்றி எழுதுகின்றன. எழுதுவோருக்கு அது ஓர் உவமை. நமக்கு அது பாட்டன், பூட்டன் பெயர். அச்சொல் பறை என்னும் தோற்கருவியின் அடியாகப் பிறந்தது என்பது கால்டுவெல் முதலியோர் கருத்து. அயோத்திதாசரோ 'பறைதல்' என்பதற்குச் 'சொல்லுதல்' எனப் பொருள் உண்டு என எடுத்துக்காட்டி, வேடதாரிகளின் பொய்யை மக்களிடம் பறைந்தவர்களையே பகைவர் இப்பெயரால் இழித்தனர் என வாதிட்டார். மலையாளத்தில் 'பறயுக' என்றால் இன்றும் சொல்லுதல்தான். பண்டிதர் கூறிய சொற்பிறப்புகள் யாவற்றையும் இக்கால மொழியியலார் ஏற்றுக்கொள்வர் என்று நான் கூற மாட்டேன். எனினும், பிறர் நமக்கு இட்ட பெயரின் பொருளைப் பிறரே வரையறுக்க விடாமல், அகராதியைத் தம் கையில் எடுத்துக்கொண்ட துணிவு அவருடையது.

இதே சொல்லை வேறு வகையிற் கையாண்டார் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டு மாவட்டத்தில் கோழியாளம் என்னும் சிற்றூரைச் சார்ந்தவர் அவர். நம் பருத்திப்பட்டும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. கோயம்புத்தூரில் அவர் பயின்ற காலத்தில் உடன் பயின்றோர் பெரும்பாலும் பிராமணர். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் எவருடனும் விளையாடாமல் ஒதுங்கியே வாழ்ந்ததாகத் தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். அவ்வாறு ஒதுங்கி வாழ்ந்தவர் 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவு கருதி ஒளிப்பதால் இழிவு நீங்காது என்பது அவர் எண்ணம். பண்டிதர் இதற்கு உடன்படவில்லை. இருவரும் உறவினர், கருத்தில் மோதிக்கொண்டனர். பிற்காலத்தில் சீனிவாசன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் வழக்கை ஆங்கிலத்தில் உரைத்தார்.

அதன் பின்னரும் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. ஆசிரியராகவும் பாடநூல் ஆசிரியராகவும் விளங்கிய எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922-இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்று ஆணையிட்டது. 1930-களில் காந்தியடிகள் 'அரிசனர்' என்றார். நம்மவர் பலர் அதனை விரும்பவில்லை. 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கத்தின் வழி மராத்தியிலிருந்து பரவிய 'தலித்' என்னும் சொல், 1991-இல் கொண்டாடப்பெற்ற அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழில் வேரூன்றியது. ஒரு மொழியில் சொற்கள் தாமே பிறந்து தாமே மாய்வதாக எண்ணுதல் தவறு. மனிதர் போராடிச் சிலவற்றை நுழைக்கின்றனர். போராடிச் சிலவற்றை வெளியேற்றுகின்றனர்.

வேற்று மண்ணிற் குடியேறியோர் கதை இன்னும் விரிவானது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்தில் சூலு மக்களோடும் வெள்ளைக் கண்காணிகளோடும் பேசுவதற்கு, சூலுச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த 'பனகலோ' என்னும் சுருங்கிய கலப்பு மொழியை நம்மவர் கற்றனர். வேலை இடத்தில் பனகலோ, வீட்டில் தமிழ், பக்கத்துக் குடிசையில் தெலுங்கும் போஜ்புரியும் என்றவாறு வாழ்ந்தவர் அவர்கள். (அவர்களுடன் பழகுதற்பொருட்டுக் காந்தியடிகள் தமிழ் கற்க முயன்றதும், சிறையில் போப் ஐயரின் தமிழ்க் கையேட்டைப் படித்ததும் பலரும் அறிந்தவை.) ஆனால் பள்ளிக்கூடம் ஆங்கிலம் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்தம் பேரக் குழந்தைகளுக்கு ஆங்கிலமே வீட்டு மொழியாகி, தமிழ் கோயிற் பாட்டாகவும் பெயராகவும் நின்றது. மலாயாவிலோ, தோட்ட முதலாளிகள் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தல் வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. கொட்டகைகளாகத் தொடங்கிய அப்பள்ளிகளின் வழிவந்து, மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் நடைபெறுகின்றன. ஒரே நாட்டிலிருந்து ஒரே வகைக் கூலிகளாகச் சென்றவர்கள்தாம் இரு சாராரும். அறிவிலோ பற்றிலோ வேறுபாடு இல்லை; பள்ளியின் மொழி வேறுபட்டது.

அண்மையில் உள்ள கோலார் தங்கவயலையும் குறிப்பிட்டாக வேண்டும். 1880-களில் தொடங்கிய அச்சுரங்கங்களில் பூமிக்கடியில் இறங்கியோரில் வட ஆர்க்காட்டுப் பகுதிகளைச் சேர்ந்த நம் மக்களே மிகுதி. அங்கே தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் ஆங்கிலேயரும் ஒருங்கே வாழ்ந்தமையால், மூன்று மொழி பேசாத தொழிலாளி அரிது. 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'பத்து' 'ஹத்து', 'புலி' 'ஹுலி'. பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரம் ஆயிற்று என்பது மொழிநூல். அந்நூலைப் படியாத சுரங்கத் தொழிலாளியும் நான்கு சொற்களைக் கேட்டதுமே ஐந்தாவதைத் தாமே உய்த்துணர்ந்து கூறியிருப்பார். உறவு மொழிகளைக் கற்போருக்கு இவ்வாய்ப்பு உண்டு. அம்மக்கள் அயோத்திதாசரின் இதழுக்குப் பெருந்துணையாக நின்றனர். பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்', 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. கன்னட நாட்டில், நிலத்தடியில் உழைத்த மக்கள், தம் கூலியிலிருந்து காசு கொடுத்து ஒரு தமிழ் இதழைக் காத்தனர். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன.

நம் பகுதியும் இவ்வகையில் குறைந்ததன்று. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. மத்திய ரிசர்வ் காவற்படை, விமானப்படை நிலையம் ஆகியவற்றுடன் பல மாநிலத்தாரும் இங்கு வந்து வாழ்ந்தனர். அவர்கள் வீடுகளில் பணிபுரியச் சென்ற நம் தாய்மார் இந்தி கற்றனர். எந்தத் தேர்வும் எழுதவில்லை. எந்தச் சான்றிதழும் பெறவில்லை. இன்று கட்டட வேலைக்கு வரும் பீகார், ஒடிசா இளைஞர்களுடன் நம் கொத்தனார்கள் பேசுவதை நின்று கேளுங்கள். 'அவசியம், கேட்டல், கூசாது பேசுதல்' என்னும் இம்மூன்றும் அங்கே இருக்கின்றன. வகுப்பறையில் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்தும் பேச வராமைக்குக் காரணமும் இதிலேயே விளங்கும். அங்கே எழுதுகின்றோம், மனப்பாடம் செய்கின்றோம், கூசுகின்றோம்; பேசுவதற்கு ஆள் இல்லை.

எனவே இளைஞர்களுக்கு ஆசிரியன் என்னும் முறையில் சில கூறுவேன். பட்லர்கள் செவியால் கற்றதை நீங்களும் செவியால் கற்கலாம். வானொலியும் கைப்பேசியும் அவர்களுக்கு இல்லாத வசதிகள். ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிட்டனர். எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1894-இல் அடையாற்றின் அருகே ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளியும், அதனைத் தொடர்ந்து வந்த ஏனைய பஞ்சமர் பள்ளிகளும், 1920-களில் தொழிலாளர் நலத்துறை திறந்த பள்ளிகளும் அந்தத் தடையை உடைக்க வந்தவையே. ஆகவே கேட்டதை எழுதுங்கள். நாள்தோறும் ஒரு பக்கம் தமிழும் அரைப் பக்கம் ஆங்கிலமும் உரக்கப் படியுங்கள். பிழை வந்தால் வரட்டும். பிழையைக் கண்டு சிரிப்பவரை நம் மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டா.

மறுக்கப்பட்ட மொழியைப் பின்னர் எட்டிப் பிடித்தவருக்கு அண்ணல் அம்பேத்கரை விடச் சான்று வேண்டுவதில்லை. பம்பாயில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது சமற்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்பதால் அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துக்கொண்டார். வளர்ந்தபின் சமற்கிருதத்தைத் தம் முயற்சியால் கற்று, மூல நூல்களைத் தாமே ஆராய்ந்து நூல்கள் எழுதினார். ஜெர்மன் மொழியும் பயின்றார். பிற்காலத்தில் பாலி மொழி கற்று, அதற்கு ஓர் அகராதியும் இலக்கணமும் தொகுத்தார். அவை 1998-இல் மராட்டிய அரசு வெளியிட்ட அவர்தம் எழுத்தும் பேச்சும் தொகுப்பின் பதினாறாம் தொகுதியாக அச்சேறின.

இறுதியாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பருத்திப்பட்டு ஏரியின் நீரைக் கொண்டு பயிர் செய்த காலத்தில் வழங்கிய சொற்கள் நம் முதியோரிடம் இன்னும் இருக்கின்றன. மதகு, கலங்கல், கவலை, சால், வடம், ஏற்றம் என்பன எல்லாரும் அறிந்தவை. நீரைப் பங்கிட்டு விடும் பணி செய்த 'நீர்க்கட்டி', 'கம்புகட்டி' என்போர் நம்மவரே. அவர்கள் கையாண்ட அளவுச் சொற்களும் குறிகளும் எந்த அகராதியிலும் முழுமையாக இடம்பெற்றிருக்கும் என நான் நம்பவில்லை. பறை அடிப்போர் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெயர் உண்டு. கழனிகள் மனைகளாகிவிட்டன, சொற்களை அறிந்தோர் எழுபதைக் கடந்துவிட்டனர். மேல்நிலை வகுப்பு மாணவர் இருவர் இருவராகச் சென்று, ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில், முதியோர் ஒலித்தவாறே, 'வூடு' என்றால் 'வூடு' என்றே எழுதி வர வேண்டும். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். குறிப்பேடுகளைச் சங்க நூலகத்தில் அகராதிகளுக்குப் பக்கத்துத் தட்டில் வைக்க இடம் இருக்கிறது.